பீச்சாங்கை முடிச்சு

என் வீட்டுக்காரரோட முதல் வருஷ நினைவுக்கு அச்சடிச்ச நோட்டீஸ்ல மூணு வரி இருந்துச்சு. 'அன்பான குடும்பத் தலைவர். ஏரியையும் மலையையும் நேசித்தவர். ஒரு நொடிக் கவனக்குறைவால் நம்மை விட்டுப் பிரிந்தார்.' முதல் ரெண்டு வரி சத்தியம். மூணாவது பச்சைப் பொய். அந்தப் பொய்யை எழுதின ஆளை நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி இவரு யாருன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு ஏன் அப்படிக் கொதிச்சுதுன்னு உங்களுக்குப் புரியும்.

ஊருக்குத் தண்ணி ஏத்துற பம்ப் ஹவுஸ்ல இவரு மோட்டார் மெக்கானிக். பொறந்ததுலேருந்தே இடதுகைக்காரர். பள்ளிக்கூடத்துல வாத்தியார், 'இந்தக் கையாலயா எழுதுற?'ன்னு அதே கையில பிரம்பால வெளுத்திருக்கார். 'சரி சார், அடி வாங்க மட்டும் எந்தக் கையை நீட்டட்டும்?'னு இவரு கேட்டு, அதுக்குத் தனியா ரெண்டு வாங்கியிருக்கார். கை மாறல. பேருதான் மாறிச்சு. சாப்பிடற கை சோத்தாங்கை, மத்தது பீச்சாங்கை இல்லையா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இவருக்கு 'பீச்சாங்கை'ன்னு பேரு வெச்சுட்டாங்க. நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல யாரோ வாசல்ல நின்னு 'பீச்சாங்கை இருக்காரா?'ன்னு கேக்க, எனக்கு மூக்குக்கு மேல கோபம். இவரு உள்ளேருந்து 'இருக்கேன், இருக்கேன்'னு சிரிச்சுக்கிட்டே போறாரு. 'உங்களுக்கு ரோஷமே கிடையாதா?'ன்னு கேட்டேன். 'அதை நீ வெச்சுக்கோ, வீட்டுக்கு ஒருத்தருக்கு இருந்தா போதும்'னாரு. அன்னிலேருந்து அந்த வேலையை நான்தான் பார்த்துக்கிட்டு வர்றேன்.

ஆறு நாளும் மோட்டார் சத்தத்துலயே கிடப்பாரு. ஏழாவது நாள் விடிஞ்சா மனுஷன் வீடு தங்க மாட்டாரு. ஒண்ணு ஏரியில தூண்டில், இல்லேன்னா மலைமேல நடை. அதுக்காக எங்களை விட்டுட்டு ஓடற ரகம் இல்லை. பொண்ணுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது, 'கேன்வாஸ் துணியில முதுகுல மாட்டற மாதிரி ஒரு பை தைச்சுக் குடு, இவளையும் கூட்டிட்டுப் போறேன்'னாரு. நான் தையல்காரி. ஸ்கூல் யூனிஃபார்ம், ஜன்னல் திரைன்னு தைச்சுக் குடுக்கறவ. 'பிள்ளையைப் பையில போடறதுக்கு அது என்ன காய்கறியா?'ன்னு கத்திக்கிட்டேதான் தைச்சேன். அவளை அதுல உக்கார வெச்சு அவரு முன்னாடி ஏற, நான் பின்னாடி ஏறினேன். பாதி வழியில கால்ல அட்டை ஏறி ஒட்டிக்கிச்சு. நான் போட்ட கூச்சல்ல மரத்துல இருந்த பறவை மொத்தமும் பறந்து போச்சு. 'மூணு வருஷமா அந்தப் பறவை கண்ணுலயே படல. இன்னிக்கு ஒரு கூட்டத்தையே காட்டிட்டே'ன்னாரு. இந்த ஆளோட எப்படிச் சண்டை போடறது?

தனியா போற நாள்ல சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல்ல நிப்பாரு. ஆறுன்னா ஆறு. மீன் நல்லா மாட்டற நேரமா இருந்தாலும் சுருட்டிக்கிட்டு வந்துடுவாரு. சேறோட உள்ள வரக்கூடாதுன்னு நான் வாசல்லயே நிறுத்தி வாளித் தண்ணியை நீட்டுவேன். எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆனப்போ ரெண்டு மாசம் தூண்டிலைத் தொடவே இல்லை. சமைச்சாரு, துவைச்சாரு, பொண்ணுக்குத் தலை பின்னி விட்டாரு. பின்னல் ஒரு பக்கமா கோணிக்கிட்டு நிக்கும். அவ அதோடயே பள்ளிக்கூடம் போவா. யாராவது சிரிச்சா, 'எங்கப்பா போட்டது, உங்கப்பாவுக்குத் தெரியுமா?'ன்னு கேப்பாளாம்.

இப்ப முடிச்சுக்கு வர்றேன். இதை மட்டும் கொஞ்சம் கவனமா கேட்டுக்கோங்க. மத்தவங்க கயித்தை வலது பக்கமா சுத்திக் கட்டினா, இவரு இடது பக்கமா சுத்துவாரு. ரெண்டு சுத்து. அப்புறம், ஒரு இழுப்புல அவுர்ற மாதிரி கயித்தை வளைச்சு ஒரு காது விடுவாரு. அந்தக் காதுக்குள்ள கயித்து நுனியை நுழைச்சு இறுக்குவாரு. அந்த நுனிக்கு இவரு வெச்ச பேரு கம்மல். 'வெறும் காது காத்துக்கே அவுந்துரும். காதுன்னு ஒண்ணு இருந்தா கம்மல் போடணுமா இல்லையா?'ம்பாரு. எங்க வீட்டுல துணி காயப்போடற கயிறு, அரிசி மூட்டை, பழைய பேப்பர் கட்டு, எல்லாத்துக்கும் கம்மல் உண்டு. 'எனக்கு ஒண்ணு வாங்கித்தர மட்டும் மனசு வராது'ன்னு நான் குத்திக்காட்டுவேன். பொண்ணு ஷூ லேஸ் கட்டக் கத்துக்கிட்டது இவர்கிட்டதான். அவளுக்கு வலது கைதான் பழக்கம். ஆனா லேஸை மட்டும் அப்பா மாதிரி இடது பக்கமா சுத்தி, காது விட்டு, கம்மல் போடுவா.

பம்ப் ஹவுஸ் சூப்பர்வைசர் ரிட்டயர் ஆனதும், டாக்டர் அவர்கிட்ட 'வெளியில காத்தாட இருங்க'ன்னு சொல்லியிருக்கார். ஊர்ல வேற ஆளே இல்லாத மாதிரி இவரை வந்து பிடிச்சுக்கிட்டார். மூணு வருஷம் இவரு கூடவே ஏரிக்குப் போனார். நீச்சல் தெரியாது. புழுவைத் தொட மாட்டார், இவருதான் முள்ளுல கோத்துக் குடுக்கணும். மீன் மாட்டினா 'நான் பிடிச்சேன்'. நழுவினா 'நீங்க கட்டின முள்ளு சரியில்லை'. இருபது வருஷம் இவருக்கு மேல உக்காந்திருந்த பழக்கம் போகுமா? இவரும் பழக்க தோஷத்துல 'சரி சார், சரி சார்'னு தலையாட்டுவாரு. ஏரிக்கரையில தூண்டில் போடறவங்க ஒரு இருபது பேரு சேர்ந்து சங்கம் வெச்சிருந்தாங்க. அதுக்கும் சூப்பர்வைசர்தான் தலைவர். தூண்டில் பிடிக்கத் தெரியாட்டி என்ன, மைக் பிடிக்கத் தெரியுமே!

அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஏரி நடுவுல இருக்கற பாறைத் திட்டுக்குப் போனாங்க. ஒரே ஒரு போட், அதுல இவங்க ரெண்டே பேரு. பாறையில நட்டிருக்கற இரும்புக் கம்பத்துல போட்டைக் கட்டிட்டு மீன் பிடிச்சிருக்காங்க. மத்தியானத்துக்கு மேல காத்து எழும்பி மழை கொட்டிச்சு. கட்டு அவுந்து போட் தன்பாட்டுக்குப் போயிடுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு வர இவரு தண்ணியில குதிச்சாரு. தண்ணி ஐஸ் மாதிரி சில்லுன்னு கிடந்துச்சு. இவரு போட்கிட்டப் போய்ச் சேரவே இல்லை. வாடகைக்குப் போட் விடற போட்காரர் மழை விட்டதும் போய் சூப்பர்வைசரைக் கூட்டிட்டு வந்தாரு. அந்த ஆளுக்குச் சளி கூடப் பிடிக்கல. இவரு மறுநாள் காலையிலதான் கிடைச்சாரு. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் பொண்ணும் வாளியோட வாசல்ல நின்னோம்.

சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து எதிர்ல உக்காந்து அழுதாரு. 'தங்கச்சி, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கட்டை ஒரு தடவை பாருங்கன்னு. அவசரத்துல ஏனோதானோன்னு கட்டிட்டாரு'ன்னாரு. போலீஸ்லயும் அதையேதான் சொன்னாரு, சங்கத்துலயும் அதையேதான் சொன்னாரு. நான் நம்பினேன். அழற மனுஷனாச்சேன்னு என் கையால டீ போட்டுக் குடுத்தேன். அந்த டீயை நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

ஒரு மாசம் கழிச்சு இவரோட தூண்டில் பெட்டியை எடுத்துட்டு வர நானும் பொண்ணும் ஏரிக்கரைக்குப் போனோம். அங்க ஒருத்தர் அவரு பொண்டாட்டிகிட்ட, 'ஏய், நல்லா இறுக்கு. பீச்சாங்கை முடிச்சு போட்டுட்டு வந்து நிக்காதே, போட் போயிடும்'னாரு. எங்களை அவருக்குத் தெரியாது. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. முப்பது வருஷம் ஊரே ஆசையா கூப்பிட்ட பேரு, ஒரே மாசத்துல உருப்படாத கட்டுக்குப் பேராயிடுச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் வந்துட்டோம்.

மறுநாள் பொண்ணு ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டா. அவ ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்க்கறவ, ஷூ இல்லாம முடியாது. லேஸ் இல்லாத ஷூவா பார்த்து ஒண்ணு வாங்கிட்டு வந்தா. 'ஏன்டி?'ன்னு கேட்டேன். 'ஆறு மணிக்கு நாம வாசல்ல நிப்போம்னு ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா ஒழுங்கா கட்டியிருப்பாரும்மா. வீட்டுல அரிசி மூட்டைக்குப் போட்ட கம்மலை அங்க ஏன் போடல? அவருக்கு நம்மளை விட ஏரிதான் பெருசா இருந்திருக்கு'ன்னா. அதுக்கப்புறம் அவ அப்பா பேச்சையே எடுக்கறதில்லை. புருஷனைப் பறிகுடுத்ததைக் கூடப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கினேன். அவரைப் போய் பொண்டாட்டி பிள்ளையை நினைக்காத மனுஷன்னு என் பொண்ணு காலம் பூரா நினைச்சுக்கிட்டு இருக்கப் போறாளேங்கறதை என்னால தாங்க முடியல. அந்தக் கேள்வி என் மனசுலயும் இருந்துச்சு.

பதினோரு மாசம் இப்படிப் போச்சு. வருஷ நினைவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சூப்பர்வைசர் ஒரு பெரிய படத்தை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு, வீட்டு முன்பக்கம் இருக்கற என் தையல் கடைக்கு வந்தாரு. 'கடைசி நாள் நான் என் போன்ல எடுத்தது தங்கச்சி. சங்கத்துல நடத்தற நினைவுக் கூட்டத்துல வெக்கலாம்னு பிரிண்ட் போட்டேன். நோட்டீஸும் நானே எழுதிட்டேன்'னாரு. பாறைமேல இவரு நிக்கறாரு. கையில முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், முகம் பூரா சிரிப்பு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, கலங்கின கண்ணை வேற பக்கம் திருப்பினேன். திருப்பின இடத்துல, இவரு தோளுக்குப் பின்னாடி, இரும்புக் கம்பம் தெரிஞ்சுது. கம்பத்துல கயிறு, கயித்து முனையில போட்.

காலம் பூரா நூலும் முடிச்சுமா கிடக்கறவ நான். எனக்குத் தெரியாதா? கயிறு வலது பக்கமா சுத்தியிருக்கு. ஒரு காது தொங்குது. கம்மல் இல்லை.

ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிச்சு. கையில கத்திரிக்கோல் வேற இருந்துச்சு, நல்ல வேளை கீழ வெச்சேன். எல்லாம் ஒரு நொடியில விளங்கிடுச்சு. கட்டினது இந்த ஆளு. என் வீட்டுக்காரர் ஏன் போய் ஒரு தடவை இழுத்துப் பார்க்கலன்னும் எனக்குத் தெரிஞ்சுது. சார் கட்டினதைப் போய்ச் சோதிச்சா சார் மனசு நோகுமே! அந்தப் பாழாப்போன மரியாதை. செத்தவர்மேலயும் எனக்கு அப்ப கோபம் வந்துச்சு. 'ரோஷத்தை நீ வெச்சுக்கோ'ன்னு என்கிட்டக் குடுத்தீங்களே, கொஞ்சம் கையில வெச்சுக்கிட்டிருக்கக் கூடாதா?

சூப்பர்வைசர், 'எப்படி இருக்கு தங்கச்சி?'ன்னாரு. 

'ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா பின்னாடி உக்கார்றவங்களுக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்களேன்'னேன். 

மறுபேச்சில்லாம கதவு சைஸுக்குப் போட்டுட்டாரு மவராசன். நான் ஒரு வாரம் யார்கிட்டயும் வாயைத் திறக்கல, பொண்ணுகிட்டக் கூட. அந்த வாரம் நான் தைச்ச யூனிஃபார்ம் எல்லாத்துலயும் தையல் ரெண்டு மடங்கு இறுக்கம். 

கூட்டம் ஏரிக்கரை ஷெட்ல, காலையில பத்து மணிக்கு. பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கெட். கதவு சைஸ் படம் முன்னாடி நிக்குது. சூப்பர்வைசர் மைக்கைப் பிடிச்சு முக்கால் மணி நேரம் பேசினாரு. நல்ல குடும்பஸ்தராம், இயற்கையை நேசிச்சவராம். 'ஒரே ஒரு தப்பு. ஒரே ஒரு முடிச்சு. நாம எல்லாரும் பாடம் கத்துக்கணும்'னு முடிச்சாரு. என் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு லேஸ் இல்லாத ஷூவைப் பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க.

'எனக்குப் பேசத் தெரியாது. சார் சொன்ன மாதிரி பாடம்தான் முக்கியம். சார் மூணு வருஷம் இவரு கூடவே இருந்தவரு. போட்டை எப்படிக் கட்டணும்னு அவரு கையாலேயே காட்டட்டும்'னேன். போட்காரர்கிட்டச் சொல்லி வெச்சிருந்த கயித்தை நீட்டினேன். சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் பல்லு. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு ஷெட் தூண்ல கட்டினாரு. வலது பக்கமா ரெண்டு சுத்து, ஒரு காது. கையைத் தட்டிக்கிட்டு மைக் பக்கம் திரும்பிட்டாரு.

'கம்மல் போடலியே சார்?'னு போட்காரர் கேட்டாரு.

'அதெல்லாம் அவரோட விளையாட்டு. இதுவே போதும். மூணு வருஷமா நான் இப்படித்தான் கட்டறேன்.'

நானே எழுதிக் குடுத்திருந்தாக்கூட இவ்வளவு அழகா சொல்லியிருக்க மாட்டாரு. நான் பொண்ணைக் கூப்பிட்டேன். 'நீ வந்து பக்கத்துத் தூண்ல அப்பா மாதிரி கட்டு.' 

'எதுக்கும்மா, எல்லார் முன்னாடியும்?' 

'கட்டுடி, சொல்றேன்ல.' 

வேண்டா வெறுப்பா வந்தா. ஆனா கை மறக்குமா? இடது பக்கமா ரெண்டு சுத்து, காது, காதுக்குள்ள கம்மல். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவ அன்னிக்குத்தான் கட்டறா.

'இப்ப எல்லாரும் படத்தைப் பாருங்க. மீனை இல்லை, பின்னாடி இருக்கற கம்பத்தைப் பாருங்க'ன்னேன்.

முதல்ல எழுந்து போனது என் பொண்ணுதான். படத்துக்குக் கிட்டப் போயி கயித்து மேல விரலை வெச்சா. 'வலது பக்கம்... கம்மல் இல்லை... அம்மா, இது அப்பா கட்டினது இல்லை'ன்னா. போட்காரர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு வந்து பார்த்தாரு.

சூப்பர்வைசர் சமாளிச்சாரு. 'போன்ல எடுத்தா படம் இடது வலது மாறிப் பதியும்மா, அதான்...' 

போட்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னாரு. 'போட்ல எழுதியிருக்கற நம்பர் நேராத்தானே சார் இருக்கு? அது மட்டும் மாறலியா? காதுல கம்மல் இல்லாததும் மாறிப் பதிஞ்சதா?'

'சரி, யாரு கட்டினா என்ன தங்கச்சி? போன உசிரு திரும்பியா வரப்போகுது?'

'தங்கச்சின்னு கூப்பிட்ட வாயைக் கழுவுங்க முதல்ல'ன்னேன். 'யாரு கட்டினா என்னவா? ஒரு வருஷமா யாரு கட்டினாங்கன்னுதானே ஊரெல்லாம் தண்டோரா போட்டீங்க? நீங்க கட்டின கட்டு அவுந்துது. உங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னுதான் அவரு குதிச்சாரு. அன்னிக்கே என் வாசல்ல வந்து, நான்தாம்மா கட்டினேன், தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லியிருந்தா, ஒரு பாட்டம் அழுதுட்டு விட்டிருப்பேன். கை தப்பு பண்ணும். நீங்க அதைச் செத்தவர் கையில ஏத்தினீங்க பாருங்க, அதுக்கு உங்களை விட மாட்டேன்.'

அவரு என்னமோ சொல்ல வாயைத் திறந்தாரு. அதுக்குள்ள போட்காரர் தூண்கிட்டப் போயி சூப்பர்வைசர் கட்டின கயித்தை ஒத்தை விரலால ஒரு சுண்டு சுண்டினாரு. மொத்தமும் அவுந்து தரையில விழுந்துச்சு. 'அப்போ இதுக்குப் பேரு பீச்சாங்கை முடிச்சு இல்லை. சூப்பர்வைசர் முடிச்சு'ன்னாரு. பின்வரிசையில யாரோ சிரிச்சுட்டாங்க. நானும்தான் சிரிச்சேன், மறைக்க மாட்டேன். மைக் வேற ஆன்லயே இருந்துச்சு.

அந்த வாரமே ஏரிக்கரை பூரா பரவிடுச்சு. 'டேய், சூப்பர்வைசர் முடிச்சு போடாதே'ங்கறது போய், கழண்டு போற பட்டன், நிக்காத தாழ்ப்பாள், எல்லாத்துக்கும் 'சூப்பர்வைசர் வேலை'ன்னு ஆயிடுச்சு. சங்கத்துல வேற தலைவர் வந்தாச்சு. மளிகைக் கடையில கூட, 'பொட்டலத்தை நல்லா கட்டுப்பா, சூப்பர்வைசர் மாதிரி கட்டாதே'ன்னு ஒருத்தர் சொன்னாராம், பின்னாடி அவரே நின்னுக்கிட்டிருந்தாராம். இதைக் கேட்ட அன்னிக்கு ராத்திரி நான் ரெண்டு வாய் அதிகமா சாப்பிட்டேன். பாவம் புண்ணியம் பார்க்கறவங்க பார்த்துக்கட்டும்.

மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் மத்தியானம் சூப்பர்வைசர் கடைக்கு வந்தாரு. இளைச்சுத்தான் போயிருந்தாரு. நாற்காலி இருந்துச்சு, உக்காரச் சொல்லல. 'வெளியில தலை காட்ட முடியலம்மா. வீட்டுல மருமக கூட அந்த வார்த்தையைச் சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர்ல நிறுத்திடுவாங்க. நான்தான் கட்டினேன், ஒத்துக்கறேன், போதுமா?'ன்னாரு.

'ஒரு வருஷம் அவ அப்பா பேருல அந்தப் பேச்சை என் பொண்ணு கேட்டா சார்'னேன். 'உங்களுக்கு இப்பத்தான் மூணு மாசம் ஆகியிருக்கு.'

அந்த நேரம் பார்த்து பொண்ணு வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தா. பரண்லேருந்து இறக்கின பழைய ஷூ. அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி படியில உக்காந்து லேஸ் கட்ட ஆரம்பிச்சா. இடது பக்கமா சுத்தினா, காது விட்டா, நிதானமா கம்மலை நுழைச்சு இறுக்கினா. ஒரு கால் முடிச்சு இன்னொரு கால். அவரு அந்தக் கையையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

'இன்னும் ஒன்பது மாசம் இருக்கு, வெயில்ல நிக்காதீங்க சார்'னு சொல்லிட்டு நான் மிஷினை மிதிச்சேன்.